கிணற்றில் ஒரு டி.டி.ஆர்.

சிட்லபாக்கம்,
8.6.2025

திருமதி கிறிஸ்டினா அவர்களுக்கு,

இன்று ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 40 நிமிடம். கிணற்றில் ஆமை: ஒன்று.

நான் தயாளன். சென்ற மாதம் உங்களிடமிருந்து சிட்லபாக்கம் வீட்டை வாங்கியவன். உங்கள் கைபேசிக்குப் பலமுறை அழைத்துவிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதாம். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். புரோக்கரைக் கேட்டால், "மேடம் மலைக்குப் போய்ட்டாங்க சார், ஏதோ ஸ்கூல் ஹாஸ்டல்ல வார்டனாம்" என்று கையை விரிக்கிறார். மிச்சம் இருப்பது நீங்கள் கொடுத்த ஏற்காடு முகவரி மட்டும். அதனால்தான் கடிதம். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ஒன்பதாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில், தெருவிளக்கு கேட்டு ஆணையருக்கு. பத்துக்கு ஏழு போட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்திரத்தில் மோட்டார் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, மூன்று மின்விசிறி இருக்கிறது. ஆமை இல்லை. இன்று காலைதான் முதல்முறையாகக் கிணற்றைத் திறந்தேன். இரும்பு வலைக்கதவில் தொங்கிய பூட்டுக்கு நீங்கள் கொடுத்த கொத்தில் எந்தச் சாவியும் சேரவில்லை. ஹேக்சா வைத்து அறுத்தேன். வாளியை இறக்கி இழுத்தால் ராட்டினம் தெருவே எழுந்திருக்கிற மாதிரி கத்தியது. கத்திய மறுநிமிடம் அடியிலிருந்து இது மேலே வந்தது. தலையை நீட்டி என்னைப் பார்த்தது. எனக்கு ஆமைகளோடு பழக்கம் இல்லை, ஆனால் அது சோறு எதிர்பார்க்கிற பார்வை என்று எனக்கே புரிந்தது.

இந்தக் கிணற்றை 29ஆம் தேதி மூடப்போகிறேன். என் அப்பா அம்மா பம்மலில் வாடகைக்கு இருக்கிறார்கள், இரண்டாவது மாடி. அம்மா முழங்காலோடு தினமும் சண்டை போடுகிறார். கிணறு இருக்கிற இடத்தில் அவர்களுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை. காண்ட்ராக்டர் தீனாவிடம் சொல்லி, மண் லாரிக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. ஆகவே அதற்குள் உங்கள் ஆமையை எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்யவும்.

பி.கு.: ராட்டினத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துவிட்டேன். இனி கத்தாது. இதற்கு நன்றி தேவையில்லை.

இப்படிக்கு,
ஆர். தயாளன்

*

மரியே வாழ்க

ஏற்காடு,
12.6.2025

அன்புள்ள தயாளன் சார்,

வணக்கம். முதலில் ஒரு திருத்தம். நான் திருமதி இல்லை, செல்வி. ஆனால் முப்பத்தாறு வயதில் யாரும் என்னைச் செல்வி என்று எழுதுவதில்லை, அதனால் வெறும் கிறிஸ்டினா போதும்.

கைபேசியை வேண்டுமென்று அணைக்கவில்லை. விடுதி இருக்கிற சரிவில் சிக்னலே கிடையாது. ஆபீசில் ஒரு தொலைபேசி உண்டு. அதில் பேசினால் ஆறாம் வகுப்பு மொத்தமும் வந்து வரிசையில் நின்று கேட்கும். கடிதமே எழுதுங்கள். உங்களுக்குப் பத்துக்கு ஒன்பது போடுகிறேன். ஒரு மதிப்பெண் குறைத்தது, "உங்கள் ஆமை" என்றதற்கு.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது உயிரோடு இருக்கிறதா? அப்பா போன வருஷம் ஏப்ரலில் இறந்தார். நான் தாம்பரம் பள்ளி வேலையை விட்டுவிட்டு மே மாதமே இங்கே வந்துவிட்டேன். அதற்கப்புறம் வீடு ஒரு வருஷம் பூட்டித்தான் கிடந்தது. யார் சோறு போட்டார்கள்? பட்டினியில் செத்திருக்கும் என்று நினைத்துத்தான் பத்திரம் எழுதும்போது வாயைத் திறக்கவில்லை. செத்த ஆமையைப் பற்றி எப்படிச் சொல்லி விற்பது?

அதற்குப் பெயர் டி.டி.ஆர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தபோது, அடுப்படியில் கேஸ் சிலிண்டரோடு சேர்ந்து மிதந்து வந்தது. அப்போது உள்ளங்கை அளவுதான். பாலாமை என்றார்கள். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு சகுனம் சொன்னார்கள். அப்பா, "கெணத்துல விடு, தண்ணி சுத்தமா இருக்கும்" என்றார். எங்கள் பக்கத்தில் பல கிணறுகளில் அப்படி விடுவார்கள். பெயர் வைத்தது என் தம்பி பிரிட்டோ. அப்பா ரயில்வேக்காரர் இல்லையா. ஆமையும் மேலே வந்து ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் கீழே போய்விடும். டிக்கெட் பரிசோதகர் மாதிரி.

ராட்டினத்துக்குக் கிரீஸ் வைத்தீர்களா? அப்பா இருந்திருந்தால் உங்களை வீட்டை விட்டே துரத்தியிருப்பார். தாம்பரம் பணிமனையில் முப்பது வருஷத்துக்கு மேல் ரயில் அச்சுக்குக் கிரீஸ் வைத்த மனுஷன், சொந்தக் கிணற்று ராட்டினத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட அனுமதிக்கமாட்டார். ஒருதடவை நான் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு போனதற்கு, படுக்கையிலிருந்தே கத்தினார். காரணம் கேட்டால் சொல்லமாட்டார்.

கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். ஏற்காட்டுக்கு ஓர் ஆமையை எப்படிக் கொண்டுவருவது என்று யோசிக்கிறேன். அதுவரை பப்பாளித் துண்டு, மீன் இருந்தால் மீன். சாம்பார் சாதம் வேண்டாம்.

அன்புடன்,
கிறிஸ்டினா

*

சிட்லபாக்கம்,
19.6.2025

கிறிஸ்டினா மேடத்துக்கு,

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். காரணம் கீழே.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஆமையை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். விசாரித்துவிட்டேன். ஏற்காட்டுக்கெல்லாம் கொண்டுபோக முடியாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. பத்து வருஷமாக நீங்கள் ஒரு குற்றத்துக்கு டி.டி.ஆர். என்று பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

ஒப்படைக்க முதலில் அதைப் பிடிக்கவேண்டும். அங்கேதான் சிக்கல். கிரீஸ் வைத்த நாளிலிருந்து அது மேலே வரவே இல்லை. வாளி போட்டேன், பப்பாளி போட்டேன், பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். (பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டார். போகட்டும்.) முதல் நாள் ராட்டினம் கத்தியதைக் கைபேசியில் வீடியோ எடுத்திருந்தேன். புளூடூத் ஸ்பீக்கரைக் கயிற்றில் கட்டி இறக்கி, அதே சத்தத்தை முழு ஒலியில் வைத்தேன். வரவில்லை. பிறகு ராட்டினம் தொங்குகிற இரும்புக் குழாயில் ஸ்பானரால் தட்டினேன். மூன்றாவது தட்டுக்குக் கொஞ்சம் எழும்பி, பாதியிலேயே திரும்பிவிட்டது. என் ஊகம்: அதற்குக் காற்றில் வருகிற சத்தம் பொருட்டில்லை. துரு உரசுகிற அதிர்வு குழாய் வழியாகக் கிணற்று உறைக்குள் இறங்கித் தண்ணீருக்குப் போகிறது. அதைத்தான் அது பத்து வருஷமாகச் சாப்பாட்டு மணியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் அந்த மணியைப் பழுது பார்ப்பதாக நினைத்து உடைத்துவிட்டேன்.

இதுவரை சுவாரசியம். இனிமேல் வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று, புதன்கிழமை மாலை, திருமுடிவாக்கத்தில் எங்கள் கம்பெனியிலிருந்து குழாய்க்குள் பார்க்கிற கேமராவை வாங்கிவந்து கிணற்றுக்குள் விட்டேன். தண்ணீருக்கு மேலே உறை உடைந்த இடத்தில் ஒரு திட்டு இருக்கிறது. அதில் மத்தி மீன் தலைகள். அழுகவில்லை, அன்றைக்கு வெட்டியவை. துடைப்ப ஈர்க்கு ஒன்றில் பூத்தொடுக்கிற மாதிரி வரிசையாகக் கோத்து, ஒரு முனையில் நூல் கட்டி, வலைக்கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தது.

பூட்டை அறுத்த பிறகு வலைக்கதவைக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தேன். நான் முறுக்கியது வலப்பக்கமாக. நேற்று அது இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. அறுத்த பூட்டைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த பூட்டில் துருவே இல்லை. யாரோ தன் சொந்தப் பூட்டைப் போட்டுப் பராமரித்து வந்திருக்கிறார்கள்.

நேரடியாகக் கேட்கிறேன். என் வீட்டுக்குள் வந்துபோகிறவர் யார்? நீங்கள் ஆள் வைத்திருக்கிறீர்களா? பதில் வராவிட்டால் போலீசில் சொல்வேன்.

தயாளன்

*

ஏற்காடு,
21.6.2025

தயாளன் சார்,

போலீசுக்குப் போகவேண்டாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஈர்க்கில் மீன் தலையைக் கோக்கிறவன் உலகத்தில் ஒருத்தன்தான். முள் உதிர்ந்து குடிக்கிற தண்ணீரில் விழக்கூடாது என்று அவன் பதினாறு வயதில் கண்டுபிடித்த முறை அது. ஆமை தின்றதும் நூலைப் பிடித்து ஈர்க்கை மேலே இழுத்துவிடலாம். அவன் இடதுகைக்காரன். என் தம்பி பிரிட்டோ.

நான்கு வருஷமாக அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. உங்கள் கடிதத்தைப் படிக்கிறவரை.

காட்டாங்குளத்தூரில் எஞ்சினியரிங் சேர்த்தோம். மூன்றாம் வருஷம் முழுக்க, தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு ரயில் ஏறினான். கல்லூரிக்குப் போகவே இல்லை. எங்கே போனான் என்று இன்றுவரை சொன்னதில்லை. அப்பாவின் சிநேகிதர்தான், ஒரு ரயில் கார்டு, "உம் பையன் பரனூர்ல எறங்கி ஏரிக்கரையில உக்காந்திருக்கானே சவுரி" என்று அப்பாவிடம் போட்டு உடைத்தார். அன்று அப்பா அவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். ஏன், எதற்கு, எத்தனை நாளாக, யார் கூட. ஒரு மணி நேரம். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "பதில் சொல்ற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்காதே" என்றார் அப்பா. அவன் போய்விட்டான். அப்பா வாதத்தில் விழுந்தபோதும் வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன், சார். பெட்டியை எடுக்கிறவரை.

அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கேள்வி கேட்டால் ஓடிவிடுவான். கேட்காவிட்டால், தானாக வந்து பக்கத்தில் உட்காருவான்.

இரண்டே இரண்டு வேண்டுகோள். கிணற்றை 29ஆம் தேதி மூடாதீர்கள். அவன் வந்துபோகிற ஒரே இடம் அதுதான். அதையும் மூடிவிட்டால் அப்புறம் நான் அவனை எங்கே போய்த் தேடுவது? இரண்டாவது, அவனைப் பார்த்தால் எதுவும் கேட்காதீர்கள். சும்மா இருங்கள். என் முகவரியை மட்டும் கொடுங்கள்.

உங்களுக்குச் சும்மா இருப்பது கஷ்டம் என்று உங்கள் கடிதங்களிலிருந்து தெரிகிறது. எனக்காக முயற்சி செய்யுங்கள்.

கிறிஸ்டினா

*

சிட்லபாக்கம்,
25.6.2025, புதன் மாலை

கிறிஸ்டினா மேடத்துக்கு,

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொதப்பிவிட்டேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உடனே பக்கத்து வீட்டுக்குப் போனேன். கிளியம்மாளை உங்களுக்குத் தெரியும்; இந்தத் தெருவே தன் மாமனார் நெல் விதைத்த நிலம் என்று என்னிடம் ஏற்கெனவே நான்கு தடவை சொல்லிவிட்டார். பின்பக்கம் யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளையா? புதன்கெயம புதன்கெயம வரும். பத்து பதினோரு மணிக்கா வந்து, ஆமைக்குத் துன்னக் குடுத்துட்டுப் பூடும்."

"எவ்வளவு நாளா?"

"அத்த யாரு எண்ணிகினு கீறாங்க? அது வூட்ட வுட்டுப் போச்சே, அந்த வருசத்துலேருந்து."

"அவங்க அக்காகிட்ட நீங்க சொல்லலையா?"

"இன்னாத்துக்குச் சொல்லணும்? அவுங்க வூட்டுப் புள்ள அவுங்க வூட்டுக்கு வருது, நா போயி தண்டோரா போடணுமா? அவளும் கேக்கல, நானும் சொல்லல."

நான்கு வருஷம், மேடம். ஒரு சுவர் இடைவெளி. நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று புதன். லீவு போட்டேன். பத்தரை மணிக்கு உங்கள் தம்பி பின்சந்துச் சுவர் ஏறிக் குதித்தார். ஒல்லியாக, தாடி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவீர்கள். கம்பியைப் பிரித்து, வாளியை இறக்கி, கயிற்றை இழுத்தார். ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றியது. அவர் நிறுத்தி, அதை அண்ணாந்து பார்த்தார். மறுபடி இழுத்தார். மறுபடியும் பார்த்தார். அடுப்படி ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மாதான் இருந்தேன். ஒரு ஐந்து நிமிஷம் இருந்திருப்பேன். அப்புறம் முடியவில்லை, வெளியே போய்விட்டேன்.

"நீங்க பிரிட்டோதானே?"

"இல்ல சார். தூர் எடுக்கிற ஆளு. கெணறு பாக்க வந்தேன்."

"தூர் எடுக்கிறவர் எதுக்கு மீன் தலையைக் கோத்து எடுத்துட்டு வர்றார்?"

உங்கள் வேண்டுகோள் எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்தும் வாய் ஓடிவிட்டது. கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பாகத்துக்குக் காரணம் கேட்கிற மாதிரி வரிசையாகக் கேட்டேன். எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை, ஏன் அக்காவிடம் சொல்லவில்லை, போன் நம்பர் என்ன. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி வைத்தார். பிறகு கேட்டார்:

"ராட்டினத்துக்கு எண்ணெ போட்டீங்களா?"

"கிரீஸ். ரொம்பக் கத்துச்சு."

"ம்."

"எப்படியும் கிணத்தை மூடப்போறோம். ரூம் கட்டணும்."

"டி.டி.ஆரு?"

"வனத்துறைகிட்ட ஒப்படைச்சிடுவேன்."

"சரி சார்," என்றார். ஈர்க்கைத் திட்டில் இறக்கி நூலைக் கட்டினார். சுவர் ஏறிப் போய்விட்டார். உங்கள் முகவரி எழுதிய தாள் என் சட்டைப்பையிலேயே இருந்தது. சந்தில் ஓடினேன். ஆளில்லை.

29ஆம் தேதி மண் லாரி வேண்டாம் என்று தீனாவிடம் சொல்லிவிட்டேன். "இன்னா சார், பேஜார் பண்ணிகினு கீறே, ஆமைக்கோசரமா நிறுத்தற?" என்றார். ஆமாம் என்றேன். ஜூலை 13 வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

மன்னிக்கவும்.

தயாளன்

*

ஏற்காடு,
28.6.2025

தயாளன்,

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எதுவும் கேட்காதீர்கள் என்று. நான்கு வருஷத்தில் என் தம்பி பத்தடி தூரத்தில் நின்ற ஒரே சமயத்தில், அவனிடம் நீங்கள் கிணற்றை மூடப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவன் இனி வரமாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.

இந்த இடத்தில் கடிதத்தை நிறுத்திவிட்டு, கிழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பிள்ளைகளுக்கு ஜெபம் முடிந்து படுக்கவைத்துவிட்டு வந்து மறுபடி உங்கள் கடிதத்தை எடுத்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தான் என்று எழுதியிருக்கிறீர்களே. "எண்ணெ போட்டீங்களா" என்று கேட்டான் என்று.

நீங்கள் கேட்ட எதற்கும் பதில் சொல்லாதவன், அதை ஏன் கேட்டான்?

அப்பா விழுந்தபிறகு அவரைப் பின்னறையில் படுக்கவைத்தேன். முன்னறையில் காற்று நன்றாக வரும், மின்விசிறியும் புதுசு. கேட்கவே மாட்டார். "பின்னாடியே போடு, ஜன்னலத் தொற" என்பார். புதன்கிழமை காலையில் மட்டும் ரேடியோ வைக்கவிடமாட்டார். புதன்கிழமைகளில் எனக்குக் காலை ஏழரைக்கே பள்ளி. மாலையில் திரும்பினால் அன்றைக்கு மட்டும் சாப்பிட்டிருப்பார். வாதத்தில் அவர் பேச்சு குழறும், எனக்கே பாதி புரியாது. ஆனால் நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு போன அன்று "போடாதே" என்று கத்தியது தெளிவாக இருந்தது.

தயாளன், அவர் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அந்தச் சத்தம் வந்தால் அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம். என்னிடம் சொன்னால் நான் ஓடிப்போய் அவனைப் பிடித்து, உங்களைப் போலவே கேள்வி கேட்டிருப்பேன். அது அவருக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

இது என் கற்பனையா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கிற நிலையிலும் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். கிளியம்மாளிடம் ஒரு தடவை விசாரியுங்கள். நான் இத்தனை வருஷம் கேட்காமல் விட்டதைக் கேளுங்கள்.

கிறிஸ்டினா

*

சிட்லபாக்கம்,
10.7.2025

கிறிஸ்டினா அக்காவுக்கு,

கேட்டேன். கிளியம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ராட்னம் கத்தும். கத்தினா, பெரியவரு ஜன்னல் கம்பியில ரெண்டு தட்டு தட்டுவாரு. கையில கீற மோதிரத்தால. டிங் டிங்னு. அவ்ளோதான். அது உள்ள போவாது, இவரு கூப்ட மாட்டாரு. அது பாட்டுக்கு ஆமைக்குக் குடுத்துட்டு, இன்னோரு வாட்டி ராட்னத்தக் கத்த வுட்டுட்டுப் பூடும். நா துணி காயப்போட்டுகினு பாப்பேன். இன்னாடா குடும்பம் இதுன்னு நெனச்சுப்பேன்."

அடக்கத்தன்று வந்தாரா என்றும் கேட்டேன்.

"வந்துச்சே. முன்னால கூட்டம் இருந்திச்சு, அது பின்னால கெணத்தாண்ட நின்னுச்சு. ராட்னத்த இழுத்துச்சு. இழுத்துகினே இருந்துச்சு. நாந்தான் போயி, போதும்டா கண்ணு, இனிமே தட்டமாட்டாருன்னு சொன்னேன்."

நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவர் பின்னால் நின்றிருக்கிறார். மேளச் சத்தத்தில் ராட்டினம் உங்களுக்குக் கேட்டிருக்காது. இதை எப்படி நயமாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் உள்ளபடி எழுதிவிட்டேன்.

அன்று மாலையே ராட்டினத்தைக் கழற்றினேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு கிரீஸை முழுக்க எடுத்தேன். துரு பிடிக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்றுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். துரு பிடிக்கவைக்க எங்கும் சொல்லித்தரவில்லை. உப்புத் தண்ணீரில் முக்கி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். தினமும் முக்கினேன். பம்மலிலிருந்து அம்மா வந்து பார்த்துவிட்டு, "புது வீட்டுக்கு வந்ததும் இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அப்பாவிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாட்டி இழுத்துப் பார்த்தேன். கத்தியது. பழைய சத்தத்தைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் கத்தியது. டி.டி.ஆர். நேராக மேலே வந்து, என் முகத்தைப் பார்த்து, டிக்கெட் சரிதான் என்பது போலக் கீழே போய்விட்டது. நான் உள்ளே ஓடி, அன்றும் வந்திருந்த அம்மாவைக் கூட்டிவந்து மறுபடி இழுத்துக் காட்டினேன்.

ஜூலை 2, புதன்கிழமை, யாரும் வரவில்லை. நீங்கள் சொன்னது சரி என்று நினைத்தேன்.

நேற்று, 9ஆம் தேதி, நான் வேலைக்குப் போய்விட்டேன். மாலை வந்து பார்த்தால் வலைக்கதவுக் கம்பி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. திட்டில் புது ஈர்க்கு. கிணற்றுச் சுவரில் நான் கல்லுக்கு அடியில் வைத்திருந்த உங்கள் முகவரித் தாள் இல்லை. காற்றில் போயிருக்கலாம் என்று சந்து முழுக்கத் தேடினேன். இல்லை. கல் மட்டும் இடம் மாறாமல் இருந்தது.

கிளியம்மாளிடம் கேட்டேன், சத்தம் கேட்டதா என்று. "கேட்டுச்சே. ரெண்டு வாட்டி இழுத்துச்சு. அப்பால அந்த ஜன்னலயே பாத்துகினு நின்னுச்சு," என்றார்.

அறையின் வரைபடத்தை மாற்றிவிட்டேன். தூணை இரண்டடி தள்ளி, அறையைக் கிணற்றுக்கு இந்தப் பக்கத்தோடு நிறுத்துகிறேன். கட்டில் போட்டால் பீரோ போட இடம் இருக்காது. அம்மா "பீரோ எதுக்குடா, கெணத்தடி இருக்கட்டும், துணி துவைக்கலாம்" என்கிறார். தீனாவுக்குக் கோபம். ஆறிவிடும்.

இனி நான் செய்யப்போவது:

1. தீனாவிடம் மண் லாரி இனி எப்போதும் வேண்டாம் என்று சொல்வேன்.

2. வலைக்கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி, ஒரு சாவியைக் கிணற்றுச் சுவரில் அந்தக் கல்லுக்கு அடியில் வைப்பேன்.

3. வனத்துறைக்கு எழுதிய மனுவை இப்போது அனுப்பமாட்டேன். டி.டி.ஆர். போகவேண்டியிருந்தால், கொண்டுவந்து விட்டவர் கையாலேயே போகட்டும். அதை அவர் முடிவு செய்யட்டும்.

4. ராட்டினத்துக்கு எண்ணெய் போடமாட்டேன். அப்பாவையும் போடவிடமாட்டேன், அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

5. யாரையும் எதுவும் கேட்கமாட்டேன். முயற்சி செய்கிறேன்.

6. வரும் 16ஆம் தேதி புதன்கிழமை, காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவேன். வீட்டுச் சாவி கிளியம்மாளிடம் இருக்கும். பின்னறை ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவிட்டுப் போவேன். ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தேன், அடிக்கவில்லை. உங்களிடம் மோதிரம் இருக்கிறதா என்று தெரியாது. நாற்காலிமேல் ஒரு ஸ்பூன் வைக்கிறேன்.

தயாளன்